யார் வீட்டு ரத்தம்?

அக்காவின் மருத்துவக் கோப்பு இப்போது என்னிடம்தான் இருக்கிறது. நீல நிற பிளாஸ்டிக் ஃபைல். ஸ்கேன் படங்கள், சிறுநீர்ச் சோதனை முடிவுகள், டிஸ்சார்ஜ் சம்மரி, ஆறு நாள் மட்டும் உயிரோடிருந்த ஒரு பையனின் பிறப்புச் சான்றிதழ், அதே பையனின் இறப்புச் சான்றிதழ். கடைசியில் ஒரு லேப் ரிப்போர்ட். 'புரோட்டீன் எஸ்: 38 சதவீதம்' என்று அச்சடித்து, பக்கத்தில் கீழ்நோக்கி ஓர் அம்புக்குறி போட்டிருக்கும். எங்கள் குடும்பத்தை ஒன்றரை வருஷம் ஆட்டிவைத்தது அந்த அம்புக்குறிதான்.

2018. அக்காவுக்கு முதல் பிள்ளை. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து கோவில்பட்டிக்கு, எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். கால் வீங்கியிருந்தது. "ரெண்டு உசுரு சுமக்கா, வீங்காம என்ன செய்யும்" என்றார் பக்கத்து வீட்டுச் சித்தி. அம்மா பார்லித் தண்ணி வைத்துக் கொடுத்தாள். சில நாளில் கொலுசு ஏறவில்லை, மோதிரம் கழலவில்லை. ஒரு ராத்திரி நெற்றி வெடிக்கிற மாதிரி வலிக்கிறது என்றாள். கண்ணுக்கு முன்னால் மின்மினி பறக்கிறது என்றாள். ஆட்டோ பிடித்துப் போனோம். நர்ஸ் கையில் பட்டையைக் கட்டி அழுத்தம் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் இன்னொரு தடவை பார்த்தார். 170/110. அங்கிருந்து ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரி. விடிவதற்குள் ஆபரேஷன். பையன் ஒரு கிலோ நூறு கிராம்.

பிள்ளை கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த மூன்றாம் நாள்தான் அந்த ரத்தச் சோதனையை எடுத்தார்கள். முடிவு வந்தபோது பிள்ளை இல்லை. ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் எங்களிடம் பேசியது மூன்று நிமிஷம் இருக்கும். ரத்தம் சீக்கிரம் உறைகிற பரம்பரைக் குறை, அதனால்தான் இப்படி ஆகிவிட்டது, அடுத்த முறை முதலிலிருந்தே வயிற்றில் ஊசி போடவேண்டும். அவ்வளவுதான்.

அக்காவின் மாமியாரை நானும் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். கொடுமைக்காரி இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதவர். அழுதுகொண்டேதான் சொன்னார். "எங்க வம்சத்துல இப்படி யாருக்கும் வந்ததில்ல மதினி. உங்க ரத்தத்துலதான் என்னமோ இருக்கு."

அம்மா பதில் சொல்லவில்லை. அடுத்த வருஷம் சாத்தூரிலிருந்து எனக்கு ஒரு சம்பந்தம் வந்தது. ஜாதகம் எல்லாம் பொருந்தியது. பிறகு தரகர் வந்து, "தங்கச்சிக்கும் அந்த டெஸ்ட்ட எடுத்துட்டுச் சொல்லச் சொல்றாங்க" என்றார். அதோடு அது நின்றது. அன்றைக்கு ராத்திரிதான் அம்மா, ஆச்சியின் அக்காவைப் பற்றிச் சொன்னாள்.

அவர் எட்டயபுரம் பக்கத்து ஊரில் வாக்கப்பட்டவர். முதல் பிள்ளை வயிற்றில் எட்டு மாதம். உச்சிப்பொழுதில் பேச்சியம்மன் கோவில் வழியாக வந்தவர், தலைவலி என்று திண்ணையில் படுத்தார். கண் மேலே செருகி, பல் கிட்டி, கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. வேப்பிலை அடித்தார்கள். விபூதி போட்டார்கள். பொழுது சாயும்முன் தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள். பேய் அடித்துவிட்டது என்பதுதான் வீட்டில் சொல்லிவந்த காரணம். "உங்க அத்தை ரத்தம்னு சொன்னப்போ எனக்கு அவ ஞாபகந்தான் வந்துச்சு ஏட்டி. நம்ம ரத்தத்துலதான் இருக்கு போல" என்றாள் அம்மா.

அதாவது, அத்தை சொன்னதை அம்மாவும் நம்பிவிட்டாள். நான் படிக்கத் தொடங்கியது அந்த ராத்திரிக்குப் பிறகுதான். எனக்கு வேண்டியது மருத்துவம் இல்லை. அந்தப் பழி எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டியிருந்தது.

*

எக்ளாம்ப்சியா என்பது கிரேக்க வேரிலிருந்து வந்த சொல். திடீரென்று வெட்டி மறையும் ஒளி, மின்னல் வெட்டு என்பது போன்ற பொருள். 17ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவ நூல்களில் அந்தச் சொல் வந்துவிட்டது. தமிழில் சூல்வலிப்பு என்று எழுதுகிறோம். வலிப்பு வருவதற்கு முன்பான கட்டம், அதாவது அக்காவுக்கு வந்த கட்டம், பிரீ எக்ளாம்ப்சியா. ஆனால் பெயர் வைத்தவர்களுக்கு அந்த முன்கட்டம் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தது மின்னல் மட்டும். நன்றாக இருந்த பெண் திடீரென்று இழுத்துக்கொண்டு விழுந்தாள். பாரிஸில் பிரசவம் பார்த்த மோரிசோ, முதல் பிள்ளைக்காரிகளுக்குத்தான் ஆபத்து அதிகம் என்று கவனித்து எழுதினார். கவனித்தது சரி. வைத்தியம், கையைக் கீறி ரத்தத்தை வெளியேற்றுவது. ஐரோப்பாவிலும் அன்றைக்கு வேப்பிலைதான், வேறு வடிவத்தில்.

மின்னலுக்கு முன்னால் மேகம் கூடுகிறது என்று முதலில் காட்டியவர்களில் ஒருவர் ஜான் லீவர். லண்டன் கைஸ் மருத்துவமனையில் வேலை பார்த்தவர். அதே மருத்துவமனையில் ரிச்சர்ட் பிரைட் என்ற மருத்துவர், உடம்பு வீங்கி வருகிறவர்களின் சிறுநீரைச் சூடாக்கிப் பார்க்கும் வழக்கத்தைக் கொண்டுவந்திருந்தார். சிறுநீரகம் கெட்டிருந்தால் அது முட்டை வெள்ளைக்கரு போலத் திரியும். வலிப்பு வந்த கர்ப்பிணிகளின் முகமும் அந்தச் சிறுநீரக நோயாளிகளின் முகமும் ஒரே மாதிரி வீங்கியிருப்பது லீவருக்கு உறைத்தது. அவர்கள் சிறுநீரையும் சூடாக்கினார். திரிந்தது. நோய் இல்லாத கர்ப்பிணிகளின் சிறுநீரைச் சூடாக்கினார். திரியவில்லை. 1843ல் அதை வெளியிட்டார்.

அடுத்து வந்தது நர்ஸ் அக்கா கையில் கட்டிய அந்தப் பட்டை. 1896ல் இத்தாலியின் ரிவா ரோச்சி, கையைச் சுற்றிக் காற்றடைத்து ரத்த அழுத்தம் அளக்கும் கருவியைச் செய்தார். மறுவருஷமே பிரான்சில் வாக்கேயும் நோபேகூரும் சூல்வலிப்பு வந்த பெண்களுக்கு அழுத்தம் எகிறியிருப்பதை எழுதினார்கள். 1905ல் ரஷ்யாவின் கொரோட்கோவ், ஸ்டெதாஸ்கோப்பை முழங்கை மடிப்பில் வைத்துச் சத்தம் கேட்டு அளக்கும் முறையைச் சொன்னார். சிறுநீரில் புரதம், கையில் அழுத்தம். வலிப்பு வருமுன்பே ஆபத்தை மோப்பம் பிடிக்க இந்த இரண்டும் போதும். இன்றைக்கும் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கர்ப்பிணிக்கு முதலில் பார்ப்பது இவற்றைத்தான்.

ஆச்சியின் அக்கா இறந்தது 1950களில். இந்த இரண்டும் அப்போது உலகத்தில் இருந்தன. அவர் இருந்த ஊரில் இல்லை.

*

கண்டுபிடிக்க ஆள் வந்துவிட்டது. ஆனால் யார் குற்றவாளி? அடுத்த அறுபது எழுபது வருஷம் மருத்துவ உலகம் துரத்தியது ஒரு விஷத்தை. கர்ப்பிணியின் ரத்தத்தில் ஏதோ நஞ்சு ஊறுகிறது என்று நினைத்தார்கள். நோய்க்கே டாக்ஸீமியா என்று பெயர் வைத்தார்கள். எங்கள் ஊர்ப் பழைய டாக்டர்கள் வாயில் அந்தச் சொல்லை நானே கேட்டிருக்கிறேன்.

நஞ்சு ரத்தத்தில் இருந்தால் அதை வெளியேற்றத்தானே வேண்டும். பேதிக்குக் கொடுத்தார்கள். பட்டினி போட்டார்கள். உப்பை நிறுத்தினார்கள். சிறுநீரகத்தின் மேலுறையை உரித்துவிட்டால் சரியாகும் என்று சொன்னவர்களும் உண்டு. ஆளுக்கொரு நஞ்சைச் சந்தேகித்தார்கள், ஒருவராலும் பிடித்துக்காட்ட முடியவில்லை. ஜெர்மன் மகப்பேறு மருத்துவர் ஸ்வைஃபெல் இதைக் கோட்பாடுகளின் நோய் என்று அழைத்தார். மகப்பேறு மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரு கதையும் உண்டு. சிகாகோவின் பிரசவ மருத்துவமனைச் சுவரில் இந்தத் துறையின் மேதைகளுக்கு ஆளுக்கொரு கல் கேடயம் வைத்துப் பெயர் பொறித்தார்களாம். ஒன்றை மட்டும் காலியாக விட்டார்களாம், எக்ளாம்ப்சியாவின் காரணத்தைக் கண்டுபிடிக்கப் போகிறவருக்காக.

காரணம் தெரியாத இந்த இடைவெளியில் பெண்களைக் காப்பாற்ற முயன்றவர்களின் கதைதான் எனக்குப் பிடித்தது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் ஸ்ட்ரோகனாஃப், 19ஆம் நூற்றாண்டு முடியும் வேளையில், இந்தப் பெண்களைத் தொந்தரவு செய்யாதீர்கள் என்றார். இருட்டறை. பேச்சு கூடாது. வெளிச்சம் கூடாது. மார்ஃபினும் குளோரலும் கொடுத்துத் தூங்க வைக்க வேண்டும். வலிப்பைத் தூண்டும் எதுவும் உள்ளே வரக்கூடாது. அவர் முறை நாடு நாடாகப் பரவியது. இந்திய ஆஸ்பத்திரிகளில் எக்ளாம்ப்சியாவுக்கென்று தனி இருட்டு அறை ரொம்ப காலம் இருந்தது.

1844ல் தொடங்கி, பிறகு எழும்பூருக்கு மாறிய சென்னைப் பிரசவ ஆஸ்பத்திரிக்கும் இந்தக் கதையில் ஓர் இடம் இருக்கிறது. அங்கே வேலை பார்த்த எம்.கே. கிருஷ்ண மேனன், லட்சுமணசுவாமி முதலியாரோடு சேர்ந்து எழுதிய மகப்பேறு பாடநூலை இன்றும் மாணவர்கள் கையில் பார்க்கலாம். பிரெஞ்சுக்காரர் லாபோரி அறுவை சிகிச்சைக்காகச் செய்த ஒரு மருந்துக் கலவையை மேனன் சூல்வலிப்புக்கு எடுத்துக்கொண்டார். குளோர்ப்ரோமசின், புரோமெத்தசின், பெத்திடின் மூன்றும் சேர்ந்த லைட்டிக் காக்டெய்ல். 1961ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் அதை எழுதினார். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் இந்திய ஆஸ்பத்திரிகளில் வலிப்போடு வந்த கர்ப்பிணிக்கு மேனன் முறை என்றால் தெரியும்.

அதை ஓரம்கட்டியது ஒரு உப்பு. எப்சம் உப்பு. நம் ஊரில் பேதியுப்பு என்பார்களே, அந்த மக்னீசியம் சல்பேட்தான். அமெரிக்காவில் 1920களிலிருந்தே ஊசியாகக் கொடுத்து வந்தார்கள். பிரிட்டனில் பலர் நம்பவில்லை, டயசெபாம் கொடுத்தார்கள். யார் சரி? மேதைகள் வாதாடித் தீராத விஷயத்தை எண்ணிக்கை தீர்த்தது. இந்தியா உட்பட 9 நாடுகளில் 1,687 பெண்கள் சேர்ந்த ஆய்வு 1995ல் வெளியானது. டயசெபாம் கொடுத்தவர்களைவிட மக்னீசியம் கொடுத்தவர்களுக்கு மறுபடி வலிப்பு வருவது பாதியாகக் குறைந்தது. ஃபெனிட்டாய்னோடு ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்கு. 2002ல் 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களிடம் நடந்த மேக்பை ஆய்வு, வலிப்பு வருமுன்பே கொடுத்தால் வலிப்பு வருவதே பாதிக்கும் கீழே குறைகிறது என்று காட்டியது.

அக்காவுக்கு அன்று ராத்திரி ஏற்றியது அதைத்தான். "உடம்பெல்லாம் தீப்பிடிச்ச மாதிரி எரியுதுடி" என்றாள். நர்ஸ் மணிக்கொரு தடவை வந்து சின்னச் சுத்தியலால் முழங்காலைத் தட்டிப் பார்த்தார். கால் உதறினால் சரி, உதறாவிட்டால் மருந்து கூடிவிட்டது என்று அர்த்தம். அந்த உப்பு எப்படி வலிப்பைத் தடுக்கிறது என்பது மருத்துவத்துக்கே இன்னும் முழுசாகப் புரியவில்லை. புரியாமலே அக்காவைக் காப்பாற்றியது.

*

அப்படியானால் அந்த அம்புக்குறி எங்கிருந்து வந்தது?

அது தனிக் கதை. 1965ல் நார்வேயில் எகெபெர்க் என்ற மருத்துவர் ஒரு குடும்பத்தைப் பார்த்தார். தலைமுறை தலைமுறையாக அவர்களுக்கு ரத்தக் குழாய்க்குள்ளேயே ரத்தம் உறைந்தது. உறைவதைக் கட்டுப்படுத்தும் ஆன்டித்ராம்பின் என்ற பொருள் அவர்களிடம் குறைவு. ரத்தம் உறைய ஓர் ஆக்ஸிலேட்டர் உண்டு, பிரேக்கும் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குடும்பத்துக்குப் பிரேக் தேய்ந்திருந்தது. அடுத்து இன்னும் இரண்டு பிரேக்குகளில் இதே பழுதைக் கண்டார்கள். 1981ல் புரோட்டீன் சி குறைபாடு, 1984ல் புரோட்டீன் எஸ் குறைபாடு. அந்த 'எஸ்', அதைக் கண்டுபிடித்த சியாட்டில் நகரத்தின் முதலெழுத்து. 1994ல் நெதர்லாந்தின் லெய்டன் நகரத்தில் ஃபேக்டர் ஃபைவ் மரபணுவில் ஒரேயொரு எழுத்து மாறியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். ஐரோப்பிய வம்சாவளியினரில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் அதைச் சுமக்கிறார்கள். நம்மிடையே அபூர்வம்.

இவையெல்லாம் நிஜமான குறைகள். கால் நரம்பில் ரத்தம் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிர் போகும். கர்ப்பத்திலும் பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களிலும் அந்த ஆபத்து கூடும். அப்படி ஏற்கெனவே ரத்தம் கட்டியவர்களுக்கு ஹெபாரின் ஊசி உயிர்காக்கும் மருந்து, அதில் வாதமில்லை.

ஆனால் 1990களில் சிலர் அடுத்த அடி வைத்தார்கள். இந்தக் குறை உள்ளவளுக்கு நஞ்சுக்கொடியிலும் சின்னச் சின்னதாக ரத்தம் உறையும்தானே? அதனால்தானோ பிரீ எக்ளாம்ப்சியா? 1999ல் டெல் அவிவிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. கர்ப்பத்தில் பெரிய சிக்கல் வந்த 110 பெண்கள், வராத 110 பெண்கள். முதல் கூட்டத்தில் 52 சதவீதத்தினரிடம் உறைதல் மரபணு மாற்றம், இரண்டாவது கூட்டத்தில் 17. எவ்வளவு அழகான பதில்! நூறு வருஷமாகத் தேடிய விஷம் ரத்தத்தில் இல்லை, ரத்தத்தை எழுதிய மரபணுவில் இருக்கிறது. சிகாகோவின் காலிக் கேடயம் நிரம்பிவிட்டது என்றே சிலர் நினைத்திருக்கக்கூடும். ஊர் ஊராக லேபுகள் இந்தச் சோதனைகளை ஒரே கட்டாக விற்கத் தொடங்கின. பிள்ளையை இழந்த பெண்கள் அந்தக் கட்டுக்குள் தங்கள் பதிலைத் தேடினார்கள். தினமும் வயிற்றில் குத்திக்கொண்டார்கள்.

மறுபடியும் எண்ணிக்கை வந்தது. முடிவு தெரிந்த பிறகு பின்னோக்கிப் பார்க்காமல், கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே பெண்களைச் சேர்த்து, முடிவுவரை பின்தொடர்ந்தார்கள். 2005ல் அமெரிக்காவில் ஏறத்தாழ 5,000 பெண்களைப் பார்த்த ஆய்வில், லெய்டன் மரபணு இருந்தவர்களுக்குப் பிரீ எக்ளாம்ப்சியா கூடுதலாக வரவில்லை. 2014ல் கனடாக்காரர்கள் முன்னின்று நடத்திய ஆய்வில், உறைதல் குறை உள்ள 292 கர்ப்பிணிகளில் ஒரு பாதிக்கு ஹெபாரின் வகை ஊசி, மறுபாதிக்கு இல்லை. பலனில் வித்தியாசம் இல்லை. 2023ல் வெளியான இன்னொரு ஆய்வு, அடுத்தடுத்துக் கருச்சிதைவு ஆனவர்களில் இந்தப் பரம்பரைக் குறை உள்ள 326 பெண்களைப் பார்த்தது. ஊசி போட்டவர்களில் 72 சதவீதத்தினருக்குப் பிள்ளை பிறந்தது. போடாதவர்களில் 71.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் தப்பு. 1983ல் லண்டனில் கிரஹாம் ஹியூஸ் விவரித்த ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய் என்று ஒன்று உண்டு. அதிலும் ரத்தம் உறையும், கருவும் கலையும். ஆனால் அது பரம்பரையாக எழுதப்பட்ட குறை இல்லை, உடம்பின் எதிர்ப்புச் சக்தி பிற்பாடு செய்யும் குழப்பம். அதில் ஆஸ்பிரினும் ஹெபாரினும் சேர்ந்து பலன் தருகின்றன. ஆகவே இதைப் படித்துவிட்டு யாரும் தன் ஊசியை நிறுத்திவிட வேண்டாம். எந்தக் குறைக்கு எந்த ஊசி என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். நாங்கள் கேட்காமல் விட்டது அந்தக் கேள்வியைத்தான்.

*

அதற்கும் மேலே ஒரு விஷயம் இருந்தது. அதைப் படித்த அன்று நான் எழுந்துபோய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

கர்ப்பத்தில் எல்லாப் பெண்களுக்கும் புரோட்டீன் எஸ் குறையும். எல்லாருக்கும். பிரசவத்தில் நஞ்சுக்கொடி பிரியும்போது ரத்தம் கொட்டும், அதை நிறுத்த வேண்டுமே என்று உடம்பு முன்கூட்டியே பிரேக்கைத் தளர்த்தி வைக்கிறது. லெய்டன் மரபணு இத்தனை ஆயிரம் வருஷம் அழியாமல் வந்ததற்குக் காரணமே பிரசவத்தில் ரத்தப்போக்கு குறைந்ததாக இருக்கலாம் என்று ஸ்வீடன் ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆகவே கர்ப்பத்திலும், பிரசவமான முதல் ஆறு வாரத்திலும் எடுக்கும் புரோட்டீன் எஸ் சோதனையை வைத்து ஒருத்திக்குப் பரம்பரைக் குறை என்று சொல்லக்கூடாது. அக்காவுக்கு எடுத்தது மூன்றாம் நாள்.

மதுரையில் வேறொரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். ரிப்போர்ட்டின் தேதியையும் டிஸ்சார்ஜ் சம்மரியின் தேதியையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "இதை ஏம்மா அப்ப எடுத்தாங்க?" என்று மட்டும் கேட்டார். திரும்ப எடுக்கச் சொன்னார். 81 சதவீதம். அம்புக்குறி இல்லை.

அக்கா அந்தத் தாளைப் பார்த்துச் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. "அப்ப எதனாலடி அவன் போனான்?" என்றாள்.

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. எனக்குப் பழி நீங்கியது. அவளுக்கு இருந்த ஒரே பதிலும் போயிற்று. தப்பான பதிலும் ஒரு பிடிமானம்தான் என்று அப்போது புரிந்தது. பேய் அடித்தது என்பதும் அந்தக் காலத்தில் யாருக்கோ அப்படியொரு பிடிமானமாகத்தான் இருந்திருக்கும்.

இன்றைக்கு இருக்கும் பதில் நஞ்சுக்கொடியைக் காட்டுகிறது. சாதாரணக் கர்ப்பத்தில் நஞ்சுக்கொடியின் செல்கள் கர்ப்பப்பைக்குள் ஊடுருவி, அங்கே சுருண்டிருக்கும் மெல்லிய ரத்தக் குழாய்களை அகலமான வாய்க்கால்களாக மாற்றுகின்றன. அந்த வேலை அரைகுறையாக நின்றால் நஞ்சுக்கொடிக்கு ரத்தம் போதாது. 2003ல் பாஸ்டனில் ஒரு குழு அதன் அடுத்த கண்ணியைக் கண்டுபிடித்தது. திணறும் நஞ்சுக்கொடி ஒரு புரதத்தை அளவுக்கு மீறித் தாயின் ரத்தத்தில் விடுகிறது. தாயின் ரத்தக் குழாய்கள் நலமாக இருக்கத் தேவையான பொருள்களை அந்தப் புரதம் ஸ்பாஞ்சு போல உறிஞ்சிவிடுகிறது. அழுத்தம் ஏறுகிறது, சிறுநீரகம் கசிகிறது. குழுவை வழிநடத்தியவர் ஆனந்த் கருமாஞ்சி. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். எழும்பூர் ஆஸ்பத்திரி அந்தக் கல்லூரியோடு இணைந்ததுதான். டாக்ஸீமியா என்று சொன்ன பழைய டாக்டர்கள் முழுக்க முட்டாள்கள் இல்லை. ரத்தத்தில் ஒன்று கலக்கத்தான் செய்கிறது.

நஞ்சுக்கொடி யாருடையது? தாயின் வயிற்றில் வளர்கிறது, ஆனால் அது பிள்ளையின் உறுப்பு. பிள்ளையின் மரபணுவில் பாதி அப்பாவுடையது. 1998ல் நார்வேயின் பிறப்புப் பதிவேடுகளை அலசியவர்கள் ஒன்றைக் கண்டார்கள். ஒருவனின் பிள்ளையைச் சுமந்தபோது ஒருத்திக்கு இந்த நோய் வந்திருந்தால், அவனால் கருவுறும் வேறொருத்திக்கும் ஆபத்து 1.8 மடங்கு. 2001ல் அமெரிக்காவின் யூட்டாவிலிருந்து வந்த ஆய்வு இன்னும் நுட்பமானது. தன் தாய்க்கு இந்த நோய் இருந்த கர்ப்பத்தில் பிறந்த ஆண், தகப்பனாகும்போது, அந்தக் கர்ப்பத்திலும் நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு. பெண்ணாக இருந்தால் இன்னும் அதிகம்.

அதைப் படித்த நாளில் எனக்கு வந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. ஆயுதம் கிடைத்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

*

அக்கா மறுபடியும் கர்ப்பமானபோது மதுரை டாக்டர் வயிற்றில் ஊசி போடச் சொல்லவில்லை. 12ஆம் வாரத்திலிருந்து தினம் ராத்திரி 150 மில்லிகிராம் ஆஸ்பிரின். 2017ல் வெளிவந்த ஆய்வில், ஆபத்து அதிகமுள்ள பெண்களுக்கு அந்த அளவு கொடுத்தபோது, 37 வாரத்துக்கு முன்பே வரும் பிரீ எக்ளாம்ப்சியா 4.3 சதவீதத்திலிருந்து 1.6 ஆகக் குறைந்திருந்தது. வீட்டில் ஒரு பிரஷர் மிஷினும் ஒரு நாற்பது பக்க நோட்டும் வாங்கி வைத்தோம். காலையும் மாலையும் எண்ணை எழுதுவது என் வேலை. 37 வாரம் முடிந்து பெண் பிள்ளை பிறந்தாள். இரண்டு கிலோ அறுநூறு.

பிறந்த பிறகும் நோட்டை மூடக்கூடாது என்றார் டாக்டர். ஒரு தடவை இந்த நோய் வந்தவளுக்குப் பிற்காலத்தில் இதய நோயும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு, அழுத்தத்தை ஆயுசுக்கும் கவனிக்க வேண்டும் என்றார். அதனால் மிஷின் மேசையிலேயே இருந்தது.

பிள்ளையைப் பார்க்க அத்தை வந்திருந்தார். அக்காவுக்கு எடுத்து முடித்ததும், "எனக்கும் கட்டிப் பாரு" என்று கையை நீட்டினார். 164/96. நான் மறுபடியும் ஒரு தடவை எடுத்தேன். மாறவில்லை. மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா அத்தை என்று கேட்டேன். இல்லை என்றார். பிறகு, பட்டையைக் கழற்றாமலே, யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"இவங்க அப்பா வயித்துல இருக்கும்போது எனக்கும் இப்படித்தான் தலைவலி. கண்ணு தெரியல. ஆஸ்பத்திரில ஒரு இருட்டு ரூம்புல போட்டாங்க. ரெண்டு நாளோ மூணு நாளோ. கதவத் தொறக்கக்கூடாது, பேசக்கூடாதுன்னாங்க. எங்க மாமியா யார்ட்டயும் சொல்லாதன்னுட்டாங்க. நானும் சொன்னதில்ல."

யூட்டா ஆய்வின் எண்கள் எனக்கு மனப்பாடம். வாய்வரை வந்தன. ஒன்றரை வருஷம் அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் படித்தேன் என்றுகூடச் சொல்லலாம். அம்மா சமையலறை வாசலில் கரண்டியோடு நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் நான் படித்த வரலாற்றில், யாருடைய ரத்தம் என்று கேட்டவர்கள் ஒருத்தியையும் காப்பாற்றவில்லை. காப்பாற்றியவர்கள் சிறுநீரைச் சூடாக்கினார்கள், கையில் பட்டையைக் கட்டினார்கள், முழங்காலைத் தட்டினார்கள், எண்ணினார்கள். இருட்டறையில் முப்பது சொச்சம் வருஷத்துக்கு முன்னால் படுத்திருந்த ஒருத்தியிடம் போய் உங்கள் ரத்தம்தான் என்று சொல்வதற்கு, அந்தப் பேச்சியம்மன் கோவில் கதையே மேல்.

"நாளைக்கு டாக்டர்ட்டப் போவோம் அத்தை" என்றேன். நோட்டை எடுத்துத் தேதி போட்டு, அக்காவின் எண்ணுக்குக் கீழே அவர் எண்ணையும் எழுதினேன்.